இரண்டு விரல்களும் ஒரு பாலிசியும்

2022 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை டீ வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, எங்கள் பட்டறையில் தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் இரண்டாம் நம்பர் பிரஸ் ஓர் அடி அடித்துவிட்டு, யாரும் பெடலை மிதிக்காமலே இன்னோர் அடி அடித்தது.

பவர் பிரஸ் ஓடும் இடத்தில் அந்தச் சத்தம் காதுக்குப் பழகிவிடும். ஓர் அடி, ஒரு மூச்சு இடைவெளி, அடுத்த அடி. அன்று இரண்டு அடி ஒட்டிக்கொண்டு வந்தது. மேசையில் பில் எழுதிக்கொண்டிருந்த நான் தலையைத் தூக்கினேன். அலறல் அதற்குப் பிறகுதான் கேட்டது.

கிளட்ச்சுக்குள் ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஒவ்வோர் அடி முடிந்ததும் கிளட்ச் சாவியை இழுத்துப் பிடித்து, தகட்டின் மேல் இறங்கி அடிக்கும் பஞ்ச்சை மேலேயே நிறுத்தி வைப்பது அதன் வேலை. அது உடைந்துவிட்டால் சக்கரம் தன்பாட்டுக்குப் பஞ்ச்சைத் திரும்பவும் கீழே இறக்கும். அடித்த துண்டை எடுப்பதற்காக கீழே தகடு வைக்கும் டைக்குள் கை வைத்திருந்த, எங்களிடம் வேலை பார்க்கும் தம்பிக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அப்போது அவனுக்கு 28 வயது.

எங்கள் பட்டறை வடசென்னையில் மூலக்கடையிலிருந்து கொடுங்கையூர்ப் பக்கம் உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. மின்சாரப் பெட்டிகளுக்கான பிராக்கெட், கிளாம்ப் போன்றவற்றைத் தகட்டில் அடித்துக் கொடுக்கிறோம். அப்பா தொடங்கியது. அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு 2017 முதல் நான் நடத்துகிறேன். மொத்தம் எட்டுப் பேர். மூத்த ஃபிட்டர் என்னைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவர், இன்றும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களுக்கு நான் அக்கா. எட்டுப் பேர் உள்ள இடத்தில் ஒருவருக்கு அடிபட்டால், குடும்பத்தில் ஒருவருக்கு அடிபட்டது போலத்தான் இருக்கும். ஆனால் குடும்பம் என்று சொல்லிக்கொள்வதால் சட்டப் பொறுப்பு மறைந்துவிடாது என்பதை அந்த ஆண்டில்தான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

முதலில் அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். கட்டுப் போட்டு, ஊசி போட்டு, ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும், கை அறுவைச் சிகிச்சை என்றால் ஸ்டான்லிதான். டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த பிரிவு அது. வெளிமாநிலங்களிலிருந்தும் அங்கே வருகிறார்கள். அந்த வார்டில் உட்கார்ந்திருந்த மூன்று நாட்களும் நான் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணி சுற்றி, கம்பியில் உயர்த்திக் கட்டப்பட்ட கைகள். ஒருவர் மரம் அறுக்கும் பட்டறையிலிருந்து வந்திருந்தார், இன்னொருவர் பிளாஸ்டிக் மோல்டிங்கிலிருந்து. பாதிப் பேருடன் முதலாளி தரப்பிலிருந்து யாருமே வந்திருக்கவில்லை. எங்கள் தம்பியின் விரல்கள் நசுங்கியிருந்ததால் ஒட்ட வைக்க முடியவில்லை. அவனுடைய அம்மா கொருக்குப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அவர் என்னைத் திட்டவில்லை. "அவன் சோறு சாப்பிடும் கை அம்மா அது" என்று மட்டும் சொன்னார்.

நான்காம் நாள் பட்டறைக்குத் திரும்பியபோது, தொழில் வட்டாரத்தில் நன்கு பழகிய ஒருவர் வந்தார். நல்லெண்ணத்தோடுதான் வந்தார். "ஐம்பதாயிரம் கொடுங்கள், ஸ்டாம்ப் பேப்பரில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் அப்படித்தான் முடிக்கிறார்கள்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் அது எனக்கு ஓர் ஆறுதலாகவே பட்டது. ஃபிட்டர் மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் போன பிறகு, "பாப்பா, ஆட்களுக்கு அடிபட்டால் இழப்பீடு கொடுக்க உங்கள் அப்பா ஒரு பாலிசி போட்டிருந்தாரே, அதை எடுத்துப் பார்" என்றார்.

பாலிசியைத் தேடி எடுப்பதற்கு முன்பு சட்டத்தைத் தேடிப் படித்தேன். எங்கள் உறவில் ஒருவர் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாக எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே ஆண்டு மே முதல் நாளில்தான் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். என் தாத்தா பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளி. 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் உருவானதே அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். அவர் பேத்தியான நான் இந்தச் சட்டத்தைப் படிக்க ஒரு விபத்து நடக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்தச் சட்டம் சொல்வதன் சாரம் எளிது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்து காயம்பட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியது முதலாளி. பத்துப் பேர், இருபது பேர் என்ற எண்ணிக்கை எல்லாம் இதற்குக் கிடையாது. எங்களைப் போன்ற பட்டறைக்கு ஒரே ஓர் ஆள் இருந்தாலும் பொறுப்பு உண்டு. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத தினக்கூலிக்கும் உண்டு. "அவன் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்ற வாதம் நிற்காது. கவனக்குறைவு தொழிலாளியின் உரிமையைப் பறிக்காது. குடிபோதையில் இருந்தார், பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினார் என்பன போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டுவிட்டால் அவைகூடச் செல்லாது. எங்கள் பிரஸ்ஸில் கழற்றுவதற்குத் தடுப்பே இருந்ததில்லை.

பாலிசி எடுத்தே ஆக வேண்டும் என்று எங்களைப் போன்ற பட்டறைகளை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சிறு முதலாளிகள் வழுக்கி விழும் இடம் இதுதான். "கட்டாயமில்லையாம்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பொறுப்பே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பொறுப்பு முதல் நாளிலிருந்தே நம் தலையில் இருக்கிறது. பாலிசி இருந்தால் அந்தப் பணத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும். இல்லாவிட்டால் நம் வீட்டிலிருந்து போகும்.

எவ்வளவு பணம்? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் 50 சதவீதம், முழு நிரந்தர ஊனம் என்றால் 60 சதவீதம். அதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண்கள் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. 20 வயதுக்கு 224, 28 வயதுக்கு 211.79, 40 வயதுக்கு 184.17. இளையவர் என்றால் இழந்த ஆண்டுகள் அதிகம், தொகையும் அதிகம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய். அதற்கு முன்பு 8,000 ரூபாயாக இருந்தது. இந்த 8,000 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

விரல், கை, கண் என்று ஒவ்வோர் இழப்புக்கும் எத்தனை சதவீதம் சம்பாதிக்கும் திறன் போகிறது என்று இன்னோர் அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் 30, ஒரு கையில் இரண்டு விரல்கள் 20, நான்கு விரல்கள் 50. ஒரு மனிதரின் கையைத் துண்டு துண்டாக எண்களில் எழுதி வைத்திருப்பதைப் படிப்பது கொடுமையாக இருந்தது. ஆனாலும் அந்த எண்கள்தான் ஐம்பதாயிரத்தில் பேரம் பேசுவதைத் தடுக்கின்றன.

தம்பியின் சம்பளம் 16,500. கணக்குக்கு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அதை 211.79ஆல் பெருக்கினால் 19,06,110. அதில் 20 சதவீதம், 3,81,222 ரூபாய். சிகிச்சைச் செலவு இதில் சேராது. அதை முதலாளி தனியாகக் கொடுக்க வேண்டும், அதற்குச் சட்டத்தில் உச்சவரம்பும் இல்லை. இழப்பீட்டுத் தொகையில் மருத்துவச் செலவைக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

ஸ்டாம்ப் பேப்பர் யோசனை என்ன ஆகும் என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். அந்தக் காகிதம் செல்லாது என்றார். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுப்பதைச் சட்டமே ரத்து செய்துவிடுகிறது. தொகையை இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலும், அந்த ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர்தான் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். பதிவு செய்யாமல் கையில் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் பின்னால் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. ஐம்பதாயிரம் கொடுத்திருந்தால் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் எனக்கு வரவு கிடைத்திருக்காது. தொழிலாளி இறந்துபோன வழக்குகளில் இன்னும் கண்டிப்பு. ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது, முன்பணமாக அனுமதிக்கப்பட்ட சிறு தொகையைத் தவிர, இழப்பீடாகவே கருதப்படாது.

நாட்களும் முக்கியம். பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. தக்க காரணம் இல்லாத தாமதம் என்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். அந்த நாள் எது என்பதை 1975இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. விபத்து நடந்த நாளிலேயே பொறுப்பு பிறந்துவிடுகிறது. ஆணையர் உத்தரவு போடும் நாள்வரை காத்திருக்க முடியாது. அந்த வட்டியையும் அபராதத்தையும் ஏற்கமாட்டோம் என்றுதான் என் பாலிசியில் எழுதியிருந்தது. வாங்குபவர்கள் இந்த வரியை அவசியம் பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பாலிசி. அலமாரியின் அடித்தட்டில், மின்கட்டண ரசீதுகளோடு இருந்தது. பரவாயில்லை, காலாவதியாகவில்லை என்று மூச்சு விட்டேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும் அந்த நிம்மதி போய்விட்டது. தொழிலாளர் எண்ணிக்கை 5, மாதச் சம்பளம் தலைக்கு 8,000. அப்பா காலத்தில் போட்ட எண்ணிக்கை, பழைய உச்சவரம்பு. ஏஜென்ட் ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுத்தார், எதையும் கேட்கவில்லை. நானும் பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்ற திருப்தியில் கையெழுத்துப் போட்டேன். ஏஜென்ட் மீது எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் படிவத்தின் கடைசியில் இருந்தது என் கையெழுத்து.

பாலிசியோடு இணைந்த ஐந்து பெயர்களில் தம்பியின் பெயர் இருந்ததால் தப்பித்தோம். பட்டியலில் இல்லாத மூவரில் ஒருவருக்கு நடந்திருந்தால் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. இன்சூரன்ஸ் நிறுவனம் விசாரணைக்கு அனுப்பிய சர்வேயர் வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, வங்கிக் கணக்கு மூன்றையும் வரிசையாக வைத்துச் சரிபார்த்தார். கடைசியில் நிறுவனம் ஏற்றுக்கொண்டது 8,000 ரூபாய்ச் சம்பளத்துக்கான கணக்கைத்தான். 4,800ஐ 211.79ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதம். 2,03,318 ரூபாய். மீதி 1,77,904 ரூபாய் என்னுடையது. மருத்துவச் செலவுக்கான கூடுதல் பிரிவை அந்தப் பாலிசியில் எடுத்திருக்கவில்லை. முதல் மருத்துவமனைக் கட்டணம், மருந்து, ஆட்டோ, பிசியோதெரபி என்று போன 38,000 ரூபாயும் என்னுடையதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தன் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ தொகை பேசி முடிக்கவோ கூடாது என்று இன்சூரன்ஸ் நிறுவனம் நிபந்தனை போட்டிருக்கிறது. சட்டமோ ஒரு மாதம்தான் தருகிறது. விபத்து நடந்த அன்று இரவே நான் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், அதன் பிறகு மூன்று முறை நினைவூட்டினேன். ஆணையருக்கு அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கையை ஏழு நாட்களுக்குள் அனுப்பினேன். நிறுவனத்திடமிருந்து பதில் வரவில்லை. 27ஆம் நாள், நகைகளை அடகு வைத்து முழுத் தொகையையும் ஆணையரிடம் செலுத்தினேன். தனிப்பட்ட முறையில் பேசி முடிக்காமல் ஆணையரிடம் செலுத்தியதால், நிறுவனம் பின்னால் அதைக் குறை சொல்ல வழியில்லாமல் போனது. எனக்கு அவர்களுடைய பணம் வர ஐந்து மாதமானது. அந்த ஐந்து மாதமும் தம்பியின் அம்மா என்னைப் பார்க்கக் காத்து நிற்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த புதுப்பித்தலின்போது ஒவ்வொரு வரியையும் நானே எழுதினேன். இந்தப் பாலிசியின் விலை எப்படி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆண்டு முழுவதும் நீங்கள் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தின் மேல், ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று வைப்பார்கள். அந்த வீதம் வேலையின் ஆபத்தைப் பொறுத்தது. அலுவலக எழுத்தருக்கு மிகக் குறைவு, பிரஸ் ஓட்டுபவருக்கு அதைவிட அதிகம், உயரத்தில் வேலை செய்பவருக்கு இன்னும் அதிகம். அதனால் எல்லாரையும் 'பேக்கிங்' என்று எழுதிக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உரிமை கோரும் நாளில், பேக்கிங் ஆள் பிரஸ்ஸில் என்ன செய்தார் என்ற கேள்வி வரும்.

மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஒரே பட்டறை, ஒரே பட்டியல். அதிக விலை குறைந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அரசு விதித்த ஒரே வீதம் என்று இப்போது எதுவும் இல்லாததால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நான் எடுத்ததைச் சொல்கிறேன். எட்டுப் பேரின் மாதச் சம்பளம் மொத்தம் 1,28,000, ஆண்டுக்கு 15,36,000. ஆயிரத்துக்கு 12 ரூபாய் வீதம் 18,432. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 21,750 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மருத்துவச் செலவுக்கான கூடுதல் பிரிவு தனி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழரை ரூபாய்கூட ஆகவில்லை. எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு டீ பன்னிரண்டு ரூபாய்.

சம்பளம் என்றால் எதையெல்லாம் சேர்ப்பது? ஓவர்டைமை நான் சேர்த்தே எழுதுகிறேன். 1923 சட்டத்தின் வரையறையில் பணமாக மதிப்பிடக்கூடிய சலுகைகளும் வந்தன. பயணப்படியும் வருங்கால வைப்பு நிதிக்கு நாம் கட்டும் பங்கும் வரவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்குப் பட்டறையின் மேல்தளத்தில் இலவசமாக இடம் கொடுத்திருந்தவர்கள் அப்போது அந்தச் சலுகையின் மதிப்பையும் யோசிக்க வேண்டியிருந்தது. ஆண்டு முடிவில் உண்மையாகக் கொடுத்த சம்பளத்தை அறிவித்து, கட்டிய பிரீமியம் குறைவென்றால் மீதியைக் கட்டவும் கூடுதலென்றால் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. நடுவில் புதிய ஆள் சேர்ந்தால் அன்றே மின்னஞ்சல். நான் இதைச் சம்பள நாள் வரை தள்ளுவதில்லை.

கான்ட்ராக்ட் ஆட்களை மறந்துவிடாதீர்கள். எங்களுக்குப் பாலிஷ் வேலைக்கு ஒரு மேஸ்திரி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். நம் தொழிலின் வழக்கமான வேலையை நம் இடத்தில் செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அடிபட்டால், அவர் நம்மிடமே இழப்பீடு கேட்கலாம். நாம் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலிக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் கையில் ஒரு பைக்கும் ஒரு போனும் மட்டும் வைத்திருக்கும் மேஸ்திரியிடம் என்ன வசூலிப்பது? அதற்கென்று பாலிசியில் தனிப் பிரிவு இருக்கிறது, நான் எடுத்துவிட்டேன்.

அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. பற்றிப் பலர் கேட்கிறார்கள். பத்துப் பேரை எட்டினால் இ.எஸ்.ஐ. வருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அதில் சேர்ந்தவருக்கு வேலை விபத்து என்றால் இ.எஸ்.ஐ.தான் கொடுக்கும்; முதலாளியிடம் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. என் சம்பளக் கணக்கில் அது ஆண்டுக்கு 49,920 ரூபாய். பாலிசியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் குடும்பத்தோடு வைத்தியம் பார்க்கலாம், ஊனத்துக்கு மாதந்தோறும் தொகை வரும், மரணத்துக்குப் பின் குடும்பத்துக்கும் வரும். பத்தாவது ஆளைப் பதிவேட்டில் காட்டாமல் ஒன்பதிலேயே நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பத்தாவது ஆள் இரண்டு பக்கத்திலும் இல்லாமல் போகிறார். இ.எஸ்.ஐ. இருக்கும் இடங்களிலும் ஓர் ஓட்டை உண்டு. 21,000க்கு மேல் வாங்கும் ஃபிட்டர், சூப்பர்வைசர் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்காக இந்தப் பாலிசி வேண்டும்.

வங்கியில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டை எட்டுப் பேருக்கும் எடுக்க வைத்தேன். மரணத்துக்கு 2 லட்சம் வரும், நல்ல திட்டம். அது அவர்களுடைய தனிப் பாதுகாப்பு. முதலாளியின் பொறுப்பில் ஒரு ரூபாயைக்கூட அது குறைக்காது.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1923 சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் இனி அதன் ஓர் அத்தியாயம். முதலாளியின் பொறுப்பும் கணக்குப் போடும் முறையின் அடிப்படையும் தொடர்கின்றன. எங்களுக்கு முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, நேரமும் இடமும் சூழலும் வேலையோடு தொடர்புள்ளதாக நிறுவப்பட்டால், வேலை விபத்தாகவே கருதப்படும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளிலும் பைக்கிலும் வேலைக்கு வரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். என் பாலிசியில் இது அடங்குமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

தொழிலாளிக்கு அவருடைய இழப்பீட்டு உரிமையை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற கடமையும் 2017 திருத்தத்திலிருந்தே முதலாளிக்கு இருக்கிறது. சொல்லாவிட்டால் 1923 சட்டத்தின் கீழ் அபராதம் 50,000 ரூபாயில் தொடங்கியது. எங்கள் சுவரில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டியிருக்கிறோம். ஒட்டிய அன்று ஃபிட்டர் மாமா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். முதலில் யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், "ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால்" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

பிரஸ் இரண்டிலும் இப்போது இரு கைப் பொத்தான் போட்டிருக்கிறோம். இரண்டு கையும் வெளியே பொத்தானில் இருந்தால்தான் அடி இறங்கும். கிளட்ச் ஸ்பிரிங்கைத் திங்கள்தோறும் கழற்றிப் பார்க்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுகிறோம். அந்த ஸ்பிரிங்கின் விலையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

தம்பி நான்கு மாதத்தில் திரும்பி வந்தான். அதுவரை முழுச் சம்பளம் கொடுத்தேன். சட்டப்படி தற்காலிக ஊனத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாதச் சம்பளத்தில் கால் பங்குதான், மாதத்துக்குப் பாதி. பாதிச் சம்பளத்தில் கொருக்குப்பேட்டையில் வாடகை கட்ட முடியாது. இப்போது சரக்கைச் சரிபார்த்து அனுப்பும் வேலை அவனுடையது. பதிவேடு எழுதுவதும் அவன்தான். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பேனாவைப் பிடித்து, மெதுவாக, தெளிவாக எழுதுகிறான்.

போன மாதம் மணலியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இது பற்றிக் கேட்டு வந்தார். நான்கு ஆட்கள். சம்பளப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். அதில் பெயர்களும் கொடுத்த தொகைகளும் மட்டும் இருந்தன. "சரி அண்ணே, இங்கேயே ஒரு பட்டியல் போட்டுவிடலாம்" என்றேன். தம்பி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டான். பெயர், வயது, வேலை, சம்பளம். முதல் மூன்று வரிகள் நிறைந்தன. நான்காவது பெயருக்கு டைரியில் 'சின்னவன்' என்று இருந்தது.

"முழுப் பெயர் என்ன அண்ணே?" என்று தம்பி கேட்டான்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பத்தொன்பது, இருபது இருக்கும்" என்றார், வயதைத்தான் கேட்கிறான் என்று நினைத்தோ என்னவோ. பிறகு போனை எடுத்துப் பட்டறைக்குப் போட்டார். பின்னால் லேத் ஓடும் சத்தம் எங்களுக்கும் கேட்டது. "டேய் சின்னவனே, மெஷினை நிறுத்திவிட்டுப் பேசு. ஆதார் அட்டையில் உன் பெயர் என்னவென்று இருக்கிறது? எந்த வருடம் பிறந்தாய்?"

சத்தம் நின்றது. தம்பி பேனாவைத் தாளின் மேல் வைத்துக் காத்திருந்தான்.